மொட்டைமாடியில் பட்சி தரிசனம்

பறவைகளைக் காண வேடந்தாங்கலுக்கே யாத்திரை போகவேண்டும் என்றெண்ணி வீட்டெதிரே நிற்கும் மரத்தைக் கவனியாதிருக்கும் மயிலாப்பூர், தியாகராய நகர்வாசிகள், சூரியோதயத்தை ஒட்டி மொட்டைமாடியில் 15 நிமிஷம் நிசப்தமாக நின்றால், அரசமரத்துப் பழத்தை நாடிவரும் குக்குறுவானின் 'டுக், டுக்' என்ற இடையறாத நாதத்தையும், செண்பகத்தின் கம்பீரமான குரலையும் கேட்டு ஆனந்தமடையலாம். கண்ணைவிடக் காதையே முதலில் நம்புங்கள். குக்குறுவான் இலையோடு இலையாக மறைந்திருக்கும் பச்சைப் பறவை.

தேதி, நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய நான்கையும் அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். 2015 முதல் தமிழகத்தில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சாமானியரும் 'ஈபேர்ட்' இணையதளத்தின் வாயிலாகப் பங்குகொள்ளலாம். அடையாறு முகத்துவாரத்துக்குச் செல்பவர்கள் நீர் வற்றிச் சேறு தெரியும் வேளையைத் தேர்ந்தெடுத்தால் பவளக்காலிகள் இரை தேடும் காட்சி நன்கு கிட்டும்.

அபூர்வமான பறவையைக் கண்டால் மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளுக்கு எழுதுவது உத்தமம்; அடுத்த தெருவாசியின் கவனத்தை மரத்தின் பக்கம் திருப்ப அதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. ஆனால் கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஒருபோதும் பிரசுரத்துக்குத் தராதீர்கள். படமெடுக்க நெருங்கும் கூட்டத்துக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டையே துறந்துவிடக்கூடும். கோடையில் பறவைகளுக்காக மாடியில் வைக்கும் தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். கொசு முட்டையிடாதபடி தினமும் கழுவி நீர் மாற்றுங்கள்.