வானலையும் வடமும்

நுழையும்முன்
உயர்கல்விக்கு விண்ணப்பிப்பதும் தேர்வு முடிவை அறிவதும் இணையவழி நிகழும் காலம் இது. இணையம் விரைந்து கிடைக்கும் ஊரில் வாழும் மாணவருக்கும் கிடைக்காத ஊரில் வாழும் மாணவருக்கும் வாய்ப்புகள் ஒன்றாக இருப்பதில்லை. அவ்வேறுபாடு எங்கே தோன்றுகிறது?

திறன்பேசித் திரையின் மேல்விளிம்பில் அலைவலிமையைக் காட்டும் கோடுகள் அனைத்தும் நிறைந்திருக்கின்றன. எனினும் பக்கம் திறக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இந்நிலைக்கு ஆளான மாணவர் பலர். கருவி பழுதுபட்டதாகக் கருதிப் புதியது வாங்குவோரும் உளர். அக்கோடுகள் தெரிவிப்பது ஒன்றே ஒன்றுதான்: கோபுரத்திலிருந்து கருவிக்கு வந்துசேரும் அலையின் வலிமை. அக்கோபுரத்தை அந்நேரத்தில் எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பதையும், கோபுரத்திற்குப் பின்னாலுள்ள பாதை எவ்வளவு அகலமானது என்பதையும் அவை காட்டுவதில்லை.

முறைவைத்துப் பகிர்தல்

ஏரிநீரை முறைவைத்துப் பாய்ச்சும் வழக்கம் தமிழக உழவர்க்குப் பழகிய ஒன்று. அலைபேசிக் கோபுரமும் ஏறத்தாழ அவ்வாறே செயற்படுகிறது. நான்காம் தலைமுறைத் தொழில்நுட்பத்தில், எந்தக் கருவிக்கு எவ்வளவு தரவு என்பதைக் கோபுரம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை முடிவுசெய்கிறது. பங்காளிகள் பெருகப் பெருக ஒவ்வொருவர் முறையும் தள்ளிப்போகும். பலரும் காணொலி பார்க்கும் முன்னிரவில் வேகம் குறைவதும், தேர்த்திருவிழாக் கூட்டத்திலிருந்து ஒரு படம்கூட அனுப்ப இயலாமற் போவதும் இதனால்தான்.

அலைவரிசையின் அகலமும், இரைச்சலோடு ஒப்பிடும்போது சைகைக்குள்ள வலிமையும் சேர்ந்தே ஒரு தடத்தின் வேக எல்லையை வகுக்கின்றன என்பதை அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1948இல் நிறுவினார். எத்துணை விலையுயர்ந்த கருவியும் அவ்வெல்லையைத் தாண்டாது. கோபுரத்திற்குத் தொலைவிலோ தடித்த சுவர்களுக்குள்ளோ இருக்கும் கருவிக்குச் சைகை நலிந்து சேர்வதால், அதன் முறையில் குறைந்த தரவே செல்லும். அதே பாடத்தைப் பெற அதற்குக் கூடுதல் முறைகள் தேவைப்படும். மேட்டு வயலுக்கு நீரேறத் தாமதமாகும்போது பள்ளத்து வயல்காரரும் காத்திருப்பதைப்போல, அருகில் இருப்போரும் அதனால் காத்திருக்க நேர்கிறது.

அலைகளிலும் வேறுபாடு உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லும்; சுவரையும் ஓரளவு ஊடுருவும்; ஆனால் அவற்றில் கிடைக்கும் அகலம் சிறிது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவைக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அகலம் மிகுதி. எட்டும் தொலைவோ குறைவு.

தீவுகள் கண்ட மாற்றம்

கோபுரத்திற்குப் பின்னாலுள்ள பாதையின் இன்றியமையாமையை உணர்த்த அந்தமான் நிக்கோபார் தீவுகளைவிடச் சிறந்த சான்று இல்லை. தமிழர் உள்ளிட்ட பல மொழியினர் வாழும் அத்தீவுகளின் மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581. அங்கும் கோபுரங்கள் இருந்தன. ஆனால், அவற்றை நாட்டின் நிலப்பகுதியோடு இணைக்க 2020 வரை செயற்கைக்கோளையே நம்பவேண்டியிருந்தது.

புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. தீவிலிருந்து எழும் கோரிக்கை அங்கே ஏறிச் சென்னைக்கு இறங்க ஏறக்குறைய கால் வினாடி. மறுமொழி திரும்ப மற்றொரு கால் வினாடி. அரை வினாடிதானே என்று எண்ணலாகாது. ஓர் இணையப்பக்கம் முழுமையாகத் திறக்கப் பலமுறை கேட்டும் பெற்றும் ஆகவேண்டும். தாமதம் அத்தனை முறையும் சேர்கிறது. அதனினும் பெரிய இடர், செயற்கைக்கோள் தடத்தின் கொள்ளளவு சிறியது, விலையோ மிகுதி. கோபுரத்தடியில் நின்றாலும் தீவு மாணவர்க்கு இணையம் மெல்லவே வந்தது.

சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை வடம் இடும் திட்டத்திற்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் அது பயன்பாட்டிற்கு வந்தது. அந்நாளில் போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தையும் கார் நிக்கோபார், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளையும் அவ்வடம் இணைக்கிறது. இழையினுள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், சென்னைக்கும் அத்தலைநகருக்கும் இடைப்பட்ட கடலை அது நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் கடந்துவிடும். மக்களின் கைகளிலிருந்த கருவிகள் மாறவில்லை. கடலடியிலிருந்த பாதை மாறியது.

செய்யத்தக்கவை

தனிமனிதர் செய்யக்கூடியவை சில உள. சாளரத்தருகே அமர்தல், பின்னணியில் தாமே இற்றைப்படும் செயலிகளை நிறுத்துதல், நெரிசலற்ற அதிகாலையில் விண்ணப்பங்களை அனுப்புதல் ஆகியன உடனே பயன்தரும். நாளொன்றுக்குரிய தரவு வரம்பு எஞ்சியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். வரம்பு தீர்ந்ததும் பல கட்டணத் திட்டங்களில் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. எட்டுப் பிட்டுகள் கொண்டது ஒரு பைட்டு. எனவே, 3 மெகாபைட் கோப்பொன்று வந்துசேர அப்போது ஆறு நிமிடத்திற்கு மேலாகும். வேகத்தைப் பெருக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகளோ அலைவரிசையின் அகலத்தைக் கூட்டவல்லன அல்ல.

ஊர் முழுவதற்கும் வேகம் வேண்டுமெனில் கோபுரங்கள் பெருகவேண்டும். ஒவ்வொரு கோபுரத்தையும் இழைவடம் எட்டவேண்டும். பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இழைவடத்தால் இணைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டதன் நோக்கம் இதுவே. வடம் இட்டபின் காத்தலும் வேண்டும். குடிநீர்க் குழாய்க்காகவும் சாலை விரிவாக்கத்திற்காகவும் மண்வாரி இயந்திரம் தோண்டும் ஒரு பள்ளத்தில் பல ஊர்களின் இணைப்பு அறுந்துபோவதுண்டு. இதனைத் தவிர்க்க, ‘தோண்டுமுன் அழையுங்கள்’ எனப் பொருள்படும் பெயரில் நடுவண் அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியை வெளியிட்டது. தோண்டவிருப்பவர் இடத்தைப் பதிவுசெய்தால், அங்கே மண்ணுக்கடியில் வடமோ குழாயோ உடைய நிறுவனத்திற்கு முன்னதாகவே செய்தி சென்றுவிடும்.