மலைக்கோட்டை அருகே ஒரு கடல்

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது எதிரே மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை, பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவானது. அதில் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது.

ஆனால், வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் சென்றால் காட்சியே வேறு. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தருகே, மழைநீர் அரித்த களிமண் மேடுகள் பாலைவனம் போலக் கிடக்கின்றன. அங்கே சுருள் வடிவ அம்மோனைட்டுகளும், துப்பாக்கி ரவை போன்ற பெலம்னைட்டுகளும் கிடைக்கின்றன. இரண்டும் கணவாயின் உறவினங்கள், கடலில் வாழ்ந்தவை. அப்படியானால் இங்கே கடல் இருந்ததா? ஆம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்! பிளான்போர்டு என்ற நிலவியலாளர் இப்பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1862-ல் விவரித்தார்.

அக்கடல் நமக்குச் சுரங்கப் பொருள்களையும் விட்டுச் சென்றது. கல்லக்குடிக்கு அருகேயுள்ள சுண்ணாம்புக் கல்லில் பவளங்கள், கடற்பாசிகள் ஆகியவற்றின் எச்சங்கள் உள்ளன. 1939-ல் டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை தோன்றியதற்கு இக்கல்லே காரணம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி செல்சியசில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு கிடைக்கும். ஜிப்சம் இல்லாவிட்டால், கொத்தனார் பூசுவதற்குள் கலவை இறுகிவிடும். அந்த ஜிப்சமும் காரை, ஊட்டத்தூர்ப் பகுதிக் களிமண் வெடிப்புகளில் பட்டை பட்டையாக மினுமினுக்கிறது.

செய்து பாருங்கள்: ஜிப்சத்தை நகத்தால் கீறுங்கள், கோடு விழும். சுண்ணாம்புக் கல்லில் விழாது. சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். கரியமில வாயு நுரைத்து வரும். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், உலர்ந்த ஜிப்சத் தூளைச் சோதனைக் குழாயில் சூடாக்குங்கள். குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் படியும்! 100 கிராம் ஜிப்சத்தில் சுமார் 21 கிராம் நீர் படிகத்துக்குள் பிணைந்துள்ளது.

சுரங்கம் தோண்டாமல் வீடு கட்ட முடியாது. ஆனால் கல்லை வெட்டும்போது அதிலுள்ள வரலாறும் அரைபட்டுப் போகிறது. அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தவை. புதிதாக இனித் தோன்றப் போவதில்லை. எனவே காரைக்குச் சென்றால் அவற்றைப் பையில் போடாதீர்கள். எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டு படம் வரையுங்கள். இடம் தெரியாத புதைபடிவம், பக்க எண் இல்லாமல் கிழிந்த தாளைப் போன்றது. அதைக்கொண்டு கதையைக் கோக்க முடியாது அல்லவா?