முன்னர்க் கேட்கும் அவை

கண்ணகி பாண்டியன் அவை புகுந்து நீதி வேண்டி நின்றபொழுது கோவலன் உயிரோடு இல்லை. அரசன் தன் பிழையை உணர்ந்தான். ஆயினும் அவ்வுணர்வு மாண்டவனை மீட்கவில்லை. செயலுக்குப் பின்னர் வரும் ஆராய்ச்சி எத்துணை நேர்மையுடையதாயினும் இழந்ததை ஈடுசெய்யாது என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் உண்மை. ஆதலின், பெருந்தொழில் ஒன்றைத் தொடங்கு முன்னரே அதனால் தாக்குறும் மக்களின் சொல்லைக் கேட்க வேண்டும் என்று இக்காலச் சட்டம் விதிக்கின்றது. அவ்வாறு கேட்கும் அவையே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

சென்னையின் வடபால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையில் துறைமுகங்களும் ஆலைகளும் கடலோரக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலொடு கலக்கின்றது. அக்கழிமுகத்தில் இறாலும் நண்டும் மீனும் பிடித்து வாழும் குடிகள் பல. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றிற் படிந்து தம் தொழிலைக் கெடுத்ததென அவர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். மின்சாரமும் வேலையும் நாட்டுக்கு வேண்டும். ஆறும் கடலும் மீனவர்க்கு வேண்டும். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும் இடமாக இக்கூட்டம் அமைதல் வேண்டும்.

இம்முறை இந்தியாவில் 1997-ஆம் ஆண்டு சட்டத்தில் இடம்பெற்றது. 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை இதனை விரிவாக வகுத்தது. அதன்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும். குறைந்தது 30 நாள்களுக்கு முன்னரே செய்தித்தாள்களில் அறிவிப்பு வெளிவரும். செய்தித்தாள் செல்லாத ஊர்களில் பறையறைந்தும் அறிவிக்கலாம். திட்டத்தின் சுருக்கம் மக்கள் மொழியிலும் கிடைக்கும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவர் சார்பாளரோ தலைமை தாங்குவார். நிகழ்ச்சி முழுதும் ஒளிப்படக் கருவியிற் பதிவாகும். இறுதியில் கூட்டக் குறிப்பு மக்கள் மொழியில் வாசித்து விளக்கப்படும்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கான கூட்டம் 2021 ஜனவரி 22-ஆம் நாளுக்கும், பின்னர் 2023 செப்டம்பர் 5-ஆம் நாளுக்கும் அறிவிக்கப்பட்டு, இருமுறையும் ஒத்திவைக்கப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்திற்குரிய கூட்டம் 2024 டிசம்பர் 20-ஆம் நாள் எர்ணாவூரில் நடைபெற்றது. அத்திட்டத்தின் கட்டுமானமோ அதற்கு முன்னரே ஓரளவு நடந்திருந்தது. முன்னர்க் கேட்க வேண்டிய சொல் காலந்தாழ்ந்து கேட்கப்படின் அதன் வலிமை குறையுமன்றோ? எனினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. திரண்டு வந்து தம் எதிர்ப்பையும் அச்சத்தையும் எடுத்துரைத்தனர்.

இத்தகைய அவைக்குச் செல்வோர் ஆயத்தமாகச் செல்லுதல் வேண்டும். திட்ட அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ முன்னரே படித்தல் நன்று. அறிக்கையில் ஓர் ஓடை விடுபட்டிருக்கலாம். ஒரு மீன்பிடி இடம் வெற்றுநிலமென எழுதப்பட்டிருக்கலாம். அதனை அறிந்து சுட்டிக்காட்ட வல்லவர் அவ்வூராரே. வலை வீசும் முதியவர் அறிந்த நீரோட்டத்தை, தொலைவிலிருந்து வரைபடம் வரைந்தவர் அறியார். பேச நாணுவோர் எழுதியும் கொடுக்கலாம். வசைமொழியும் கூச்சலும் வேண்டா. இடம், காலம், அளவு இவற்றொடு கூறும் உண்மையே நிலைபெறும். கூட்டக் குறிப்பை வாசிக்கும் வரையில் அமர்ந்திருந்து, தம் கருத்து அதில் இடம்பெற்றதா எனக் கேட்டறிதலும் கடமையாகும்.

கைதூக்கி எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் அவையன்று இது. மக்கள் மறுத்தமையால் மட்டும் திட்டம் நின்றுவிடாது. உடன்பட்டமையால் மட்டும் ஒப்புதல் கிடைத்துவிடாது. ஆயினும், அங்கு எழுந்த தக்க ஐயங்களைத் திட்டம் வகுப்போர் ஆராய்ந்து தம் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்பது விதி. அதன் பின்னரே வல்லுநர் குழு அதனை ஆய்வு செய்யும். சொல்லப்பட்ட சொல்லுக்கு விடை கேட்க வழியுண்டு. சொல்லப்படாத சொல்லுக்கு விடை கூறுவார் யார்? ஆகவே, தன் ஊரின் நன்மை கருதும் குடிமகன் அறிந்து செல்லுதலும், அஞ்சாது உரைத்தலும், பிறர் உரைப்பதைப் பொறுமையொடு கேட்டலும் இன்றியமையாத பண்புகளாம்.