மனம் கனத்தால் யாரிடம் பேசுவது? மஸ்கெலியாவிலிருந்து நான்கு வழிகள்

தேயிலைத் தோட்ட லயத்தில் ரகசியம் தங்காது. பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். நுண்கடன் தவணை நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் தாய், வெளிநாடு போன அம்மாவை நினைத்துத் தூங்காத மகள், கொழும்புக் கடை வேலையை விட்டு வந்து பேச்சையே நிறுத்திக்கொண்ட மகன், 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு மழை இரைந்தாலே எழுந்து உட்காருகிறவர் என எல்லோருக்கும் இப்போது சுலபமாகக் கிடைக்கிற அறிவுரை, "ஆன்லைனில் கவுன்சிலிங் எடுங்களேன்" என்பது. யாரிடம், எந்த மொழியில், எவ்வளவு காசுக்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

மஸ்கெலியாவில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. அவசரம், மறைவு, மொழி, காசு என்ற வரிசையில் அவற்றை எடைபோடலாம்.

1. தொலைபேசி உதவிச் சேவைகள்

1926 அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். 1333 கட்டணமில்லாத இலக்கம். கையில் ரீலோட் காசு இல்லாதவருக்கும் உதவும். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் பேசுவார்கள்; உபதேசம் செய்யாமல் காது கொடுத்துக் கேட்பதே அவர்கள் வழி. அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

நள்ளிரவில் நெஞ்சு அடைக்கிறபோது இதைவிடச் சீக்கிரமான வழி இல்லை. பெயரும் சொல்ல வேண்டியதில்லை. குறை ஒன்று: அடுத்த முறை வேறொருவர் எடுக்கலாம், கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல நேரும். மாதக்கணக்கில் தொடரும் துயரத்துக்கு இது மட்டும் போதாது.

2. அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்

2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கைக்குப் பிறகு, மனநலச் சிகிச்சை அங்கொடையைத் தாண்டி மாவட்டங்களுக்கும் பரவியது. மஸ்கெலியா வைத்தியசாலை ஓபிடியில் சொன்னால் எங்கே போக வேண்டுமென்று எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அல்லது நுவரெலியா. வைத்தியரும் மருந்தும் இலவசம்.

ஆனால் கிளினிக் நாள் என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் பார்த்தாலும், பஸ் காசோடு சேர்த்தால் சின்னத் தொகையல்ல. சிவனொளிபாதமலை சீசனில் பஸ்ஸும் நெரிசல். கிளினிக் நாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், இல்லாத குரல் கேட்டால், பிள்ளை பெற்ற தாய் பிள்ளையைத் தூக்கவே மறுத்தால் இந்த வழிதான் முதலாவது. போனில் பேசும் ஆலோசகர் மருந்து எழுத முடியாது.

3. பிரதேச செயலகமும் நட்பு நிலையமும்

பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்களை அரசு நியமிக்கிறது, கட்டணம் இல்லை. குடும்பச் சண்டை, குடி, பிள்ளை பாடசாலையை விட்டு நிற்பது போன்றவற்றுக்கு இவர்கள் பொருத்தம். மற்ற அலுவலகங்களோடும் பேசுவார்கள். வீட்டில் அடிபடும் பெண்களுக்குப் பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்ற பிரிவு உண்டு. 1938 பெண்களுக்கான இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. இந்த வழியின் சிக்கல் மறைவு. செயலக வாசலில் தோட்டத்து ஆட்கள் யாராவது நிற்பார்கள்.

கடன்தான் பிரச்சினை என்றால் ஆறுதலோடு சட்ட உதவி ஆணைக்குழுவையும் கேளுங்கள். எந்த ஆலோசகரும் தவணையைக் குறைக்க முடியாது.

4. காசு கொடுத்துப் பேசும் ஆன்லைன் ஆலோசகர்

ஒரே ஆளிடம் வாராவாரம் பேசலாம்; கணக்கப்பிள்ளைக்கோ மாமியாருக்கோ அவரைத் தெரியாது. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ வழிச் சிகிச்சை நேரில் செய்வதற்கு ஏறக்குறைய ஈடாகப் பலன் தருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் முட்டுக்கட்டை காசு. ஒரு அமர்வுக்கே ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. சென்னையிலோ டொரொண்டோவிலோ இருப்பவர் அழகாகத் தமிழ் பேசுவார். ஆனால் லயம் என்றால் என்ன, கிளங்கன் எங்கே என்று அவருக்குத் தெரியாது. ஆபத்து வந்தால் யாருக்குச் சொல்வதென்றும் தெரியாது.

காசு அனுப்புவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

- எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்? மனநல வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா?
- நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா, பதிவு செய்வீர்களா? யார் பார்ப்பார்கள்?
- சிக்னல் அறுந்தால் அந்த அமர்வுக்குக் காசு உண்டா?
- நிலைமை மோசமானால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு "என்னிடமே வாருங்கள், எல்லாம் சரியாகும்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். தன்னால் முடியாதபோது எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவேன் என்று சொல்பவரே நம்பத்தக்கவர். பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்பவரிடமும், செய்வினை எடுப்பதாகச் சொல்பவரிடமும் போக வேண்டாம்.

எதற்கு எது

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஆலோசகரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1926ஐ அழையுங்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். ஏதும் நடந்துவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உயிரை மாய்க்க முயல்வது 1998 முதல் இந்த நாட்டில் குற்றமில்லை. பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலையைத் தவிர்க்காதீர்கள்.

அவசரமில்லை, ஆனால் சுமை இறங்கவில்லை என்றால் மூன்றாம் வழியில் தொடங்குங்கள். ஊருக்குத் தெரியக் கூடாது, மாதத்துக்கு இரண்டு அமர்வுக்காவது காசு உண்டு என்றால் நான்காவது. இரண்டு வழிகளைச் சேர்த்தும் எடுக்கலாம்: மருந்து கிளினிக்கில், பேச்சு போனில்.

போனில் பேசப்போவதானால் முதலில் பேச ஓர் இடம் பார்த்து வையுங்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினால் பாதி லயம் கேட்கும். தோட்டத்துப் பாடசாலைத் திடல், கோயில் மேடு, ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீடு என்று ஆள் நடமாட்டம் குறைந்த, சிக்னல் உள்ள, வெளிச்சம் இருக்கிற இடமாக இருக்கட்டும். வீடியோவைவிடக் குரல் அழைப்புக்கு டேட்டாவும் குறைவு, கவனிப்பவர்களும் குறைவு. கொழுந்து எடுப்பவர் காலை பத்து மணி அமர்வுக்கு ஒப்புக்கொள்ள முடியாது. மாலை ஐந்துக்குப் பிறகோ ஞாயிறோ தருகிற ஆலோசகரைக் கேளுங்கள். கணவன் மனைவி ஒரே போனைப் பாவித்தால் குறுஞ்செய்தி வழி வேண்டாம்.

மூன்று நான்கு முறை பேசியும் மனம் ஒட்டவில்லை என்றால் ஆலோசகரை மாற்றலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக்கில் தந்த மருந்தை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.