பனம்பழத்தை வீணாக்கலாமா?

பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் பனம்பழம் உதிர்கிறது. நுங்கை விலை கொடுத்து வாங்கும் நாம், உதிர்ந்த பழத்தைத் திரும்பியும் பாராதது வியப்பே.

பழத்தைப் பிழிந்து, சாற்றைப் பாயில் படலம் படலமாக உலர்த்தினால் பனாட்டு ஆகும். யாழ்ப்பாணத்தார் இதைச் சேமித்து உண்பர். எஞ்சிய கொட்டைகளை மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையே நீர் பாய்ச்சிவிடும். தைத் திங்களில் கிழங்கு தோண்டலாம். பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதன் மாவை நீரில் ஊறவைத்துக் கைப்பு நீக்கி, மீன், இறால், நண்டு சேர்த்து அந்நாட்டார் கூழ் காய்ச்சுகின்றனர். இம்மூன்றும் நம் ஏரியிலேயே கிடைப்பவை அல்லவா?

ஆயினும் கொட்டை முழுவதையும் கிழங்காக்கிவிடலாகாது. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையால் பெட்டிகள் முடைகின்றனர்; மரம் குறைந்தால் அத்தொழிலும் குன்றும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. வெட்டாதிருத்தல் மட்டும் போதாது என்றே கருதுகிறோம். இன்று ஊன்றும் கொட்டை மரமாகிப் பாளைவிட 12 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். ஆண்பனையா, பெண்பனையா என்பதும் அப்போதுதான் தெரியும். ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள் வரும் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்பாக, கரைகளில் பத்தடிக்கு ஒன்றாகக் கொட்டைகளை நேரே ஊன்றச் செய்வார்களாக. கன்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது.