சிறுத்துப்போன உடுப்பும் இணையச் சந்தையும்

கேள்வி: பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடுப்புகளை இணைய ஏலத்தில் விற்று மேலதிக வருமானம் பெற முடியுமா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: இணைய ஏலம் என்பது, விற்பவர் ஆரம்ப விலையையும் முடிவு நேரத்தையும் குறித்துவிட, வாங்க விரும்புவோர் ஒருவரையொருவர் விஞ்சிக் கேட்டு, இறுதியில் உச்ச விலை கேட்டவருக்குப் பொருள் சேரும் முறையாகும்; 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே இதைப் பரவலாக்கியது. ஆயினும் கேட்போர் பலர் கூடாத இடத்தில் ஏலம் விலையை ஏற்றாது என்பதால், கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னிப் பகுதித் தாய்மாருக்கு இக்மன் போன்ற விளம்பரத் தளத்திலோ முகநூல் சந்தையிலோ விலை குறித்து விற்பதே பொருத்தமானது.

பாடசாலைச் சீருடைத் துணியை 1993 முதல் அரசே இலவசமாக வழங்கிவருவதாலும், கிரவல் வீதிப் புழுதியில் வெள்ளைத்துணி விரைவில் மங்கிவிடுவதாலும், பழைய சீருடைக்குக் கேள்வி, அதாவது வாங்குவோரின் நாட்டம், குறைவு. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் ஓரிரு தடவை மட்டுமே உடுத்த பட்டுப்பாவாடை சட்டைகளே நல்ல விலைக்குப் போகும். அவற்றின் உள்மடிப்பில், பின்னர் பிரித்துப் பெரிதாக்கவென்று கூடுதல் துணி விட்டுத் தைத்திருந்தால், அந்த மடிப்பைத் திருப்பிப் படமெடுத்துக் காட்டுவது மிகவும் பயன்தரும். பிள்ளையின் வயதைக் குறிப்பதைவிட மார்பளவையும் நீளத்தையும் அங்குலத்தில் குறிப்பதே நம்பகமானது. கறை இருந்தால் அதுவும் படத்தில் தெரிய வேண்டும். முல்லைத்தீவிலிருந்து ஒற்றைச் சட்டையைக் கொழும்புக்கு அனுப்பினால் கூரியர் செலவே இலாபத்தை விழுங்கிவிடுமாதலால், ஒரே அளவுள்ள நாலைந்தைச் சேர்த்து ஒரு பொதியாக விற்பது நன்று.