களையும் கணினியும்

நுழையும்முன்

கம்பும் பருத்தியும் விதைத்த நிலத்தில் களையும் சேர்ந்து முளைக்கிறது. களையை எவரும் விதைப்பதில்லை. எனினும் அது வருகிறது. கணினியைப் பயன்படுத்துவோரும் இத்தகைய தொல்லைக்கு ஆளாகின்றனர். விரும்பிப் பதிவிறக்கிய மென்பொருளோடு விரும்பாத விளம்பர நிரலும் நுழைந்துவிடுகிறது. அது நுழையும் வழியை அறிவதும், வேரோடு நீக்குவதும், மீண்டும் வாராமல் காப்பதும் இக்காலக் கல்வியின் ஒரு பகுதியாகும்.

கரிசலும் களையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி நிலமாகும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியே உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி முதலியன விதைக்கப்படுகின்றன. நினைத்தபோது நீர்பாய்ச்ச இயலாத அந்நிலத்தில் மண்ணின் ஈரமே உழவரின் முதல். அந்த ஈரத்தைப் பயிருக்கு முன்னே களை குடித்துவிட்டால் விளைச்சல் குன்றிவிடும். ஆதலால், உரிய பருவத்தில் களையெடுப்பதை அங்குள்ள உழவர்கள் ஒருபோதும் ஒத்திப்போடுவதில்லை.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அவ்வூர்களின் எளிய வீடுகளுக்குள்ளும் கணினி சென்றது. கணினிக்கும் ஓர் ஈரம் உண்டு. அதன் வேகம், இணையத்திற்கென ஒரு நாளைக்கு அளந்து பெறும் தரவு, மாணவரின் நேரம் ஆகிய மூன்றுமே அந்த ஈரம். இம்மூன்றையும் சத்தமின்றிக் குடிக்கும் களையே விளம்பர நிரல்.

விளம்பர நிரல் என்பது யாது?

பயனர் கேளாத விளம்பரங்களைக் கணினித் திரையில் காட்டி, அதன்வழிப் பொருளீட்டும் மென்பொருளை ‘ஆட்வேர்’ என்பர். தமிழில் இதனை விளம்பர நிரல் எனலாம்.

விளம்பரம் காட்டும் மென்பொருள் அனைத்தும் தீயன அல்ல. ஓபெரா என்னும் உலவி 2000ஆம் ஆண்டு முதல் 2005 வரை விளம்பரத்துடன் இலவசமாக வழங்கப்பட்டது. விளம்பரம் வேண்டாதோர் பணம் செலுத்தி அதனை நீக்கிக்கொள்ளலாம். அங்கே ஒளிவுமறைவு இல்லை. தான் வந்திருப்பதை மறைத்தல், நீக்குவதற்குத் தடைசெய்தல், பயனர் பார்க்கும் பக்கங்களை உளவறிதல், தேடுபொறியை மாற்றுதல் ஆகியவற்றில் ஈடுபடும் நிரலே தீங்கானது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

விதையோடு வந்த களை

இன்று தமிழகத்தின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம், நம் நாட்டுச் செடி அன்று. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு கலந்து, 1950களில் இந்தியாவிற்குள் வந்ததாகக் கருதப்படுகிறது. நாடு கேட்டது கோதுமையை; வந்தது கோதுமையும் களையும். விளம்பர நிரல் நுழையும் முறையும் இதுவே.

கோவில்பட்டியை அடுத்த சிற்றூரில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, கட்டுரை எழுதுவதற்குத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தேடுவதாகக் கொள்வோம். தேடலில் முதலில் தோன்றிய தளத்தைத் திறக்கிறாள். ‘பதிவிறக்குக’ என்னும் பச்சைப் பொத்தான்கள் மூன்று தெரிகின்றன. அவற்றுள் இரண்டு, பொத்தானைப்போல் வரையப்பட்ட விளம்பரங்கள். மூன்றாவதை அழுத்தினாலும், அதன் நிறுவல் சாளரத்தில் ‘விரைவு நிறுவல், பரிந்துரைக்கப்படுகிறது’ என்பது பெரிய எழுத்திலும், ‘விருப்ப நிறுவல்’ என்பது மங்கிய எழுத்திலும் உள்ளன. முதலாவதைத் தேர்ந்தவுடன், முன்பே குறியிடப்பட்டிருந்த சிறு கட்டங்களின்படி வேறு மூன்று மென்பொருள்களும் கணினிக்குள் இறங்கிவிடுகின்றன.

இங்கே பூட்டை உடைத்து எவரும் நுழையவில்லை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்தி, அவளே கதவைத் திறந்துவிட்டாள். விளம்பர நிரலுக்கும் பிற தீநிரல்கள் பலவற்றிற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான். அது பெரும்பாலும் நம் இசைவைப் பெற்றே வருகிறது. ஆனால், படித்தறிந்து தந்த இசைவு அன்று. உண்மையில், விண்டோஸ் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை அமைந்துள்ளது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்திருந்தால், அவள் எதையும் தேடிப் பதிவிறக்க வேண்டிய தேவையே எழுந்திராது.

உலகம் கண்ட இரு நிகழ்வுகள்

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்பனையான லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்னும் விளம்பர நிரல் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தது. வங்கி முதலான பாதுகாப்பான தளங்களுக்கும் உலவிக்கும் இடையிலும் அது புகுந்து நிற்க வல்லது. அதற்கென அந்நிரல் தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினியில் பதித்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் அச்சான்றிதழின் மறைகுறி ஒன்றே. ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே சாவி என்பது போன்ற நிலை அது. 2015 பிப்ரவரியில் இச்செய்தி வெளியாயிற்று. நிரலை நீக்கிய பின்னரும் சான்றிதழ் கணினியிலேயே தங்கியிருந்தது. அதனைத் தனியே நீக்கவேண்டியிருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த நடவடிக்கை, 2017 செப்டம்பரில் அந்நிறுவனத்துடனான உடன்பாட்டில் முடிந்தது.

2017 ஜூன் மாதத்தில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்னும் நிரலைப்பற்றி அறிவித்தது. இலவச மென்பொருள்களோடு கலந்து வந்த அது, உலவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றியமைத்தது. உலகெங்கும் 25 கோடிக் கணினிகளும், அவற்றுள் இந்தியாவில் 2 கோடியே 53 இலட்சம் கணினிகளும் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. இம்மதிப்பீடு மிகையானது என்று மைக்ரோசாஃப்ட் கருத்துரைத்தது. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருப்பினும், வெறும் விளம்பரத் தொல்லைதானே என்று புறக்கணிக்கத்தக்கது அன்று என்பதில் ஐயமில்லை. முகப்புப் பக்கத்தை மாற்றும் ஆற்றல் பெற்ற நிரல், வேறு தீநிரலை இறக்கும் ஆற்றலையும் பெற்றிருந்தது.

அறிகுறிகள்

உலவியின் முகப்புப் பக்கம் தானே மாறுதல், தேடல் வேறொரு தளத்திற்குத் திருப்பப்படுதல், நிறுவாத கருவிப்பட்டை தோன்றுதல், உலவியைத் திறவாதபோதும் திரையின் மூலையில் விளம்பரம் எழுதல், கணினி காரணமின்றி வேகம் குறைதல் ஆகியன விளம்பர நிரலின் அறிகுறிகளாகும்.

விளம்பரம் தோன்றிய உடனேயே கணினி கெட்டுவிட்டது என முடிவுசெய்தலும் தவறு. ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும், எந்தக் கணினியில் திறந்தாலும் விளம்பரம் மிகுதியாகத் தோன்றுமாயின், அஃது அத்தளத்தின் இயல்பு. எல்லாத் தளங்களிலும், ஒரே கணினியில் மட்டும் தோன்றுமாயின், களை அக்கணினியில் உள்ளது.

வேரோடு களைதல்

கோரையின் தாளை மட்டும் கிள்ளினால் நிலம் ஒருநாள் தூய்மையாகத் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு சில நாளில் மீண்டும் முளைவிடும். தோன்றும் விளம்பரத்தை மூடுவது தாளைக் கிள்ளுவதைப் போன்றது. கிழங்கு இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அகழ்தல் வேண்டும்.

முதலாவதாக, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாடக்குறிப்புகள், ஒளிப்படங்கள் முதலிய சொந்தக் கோப்புகளை மட்டும் வேறிடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும்.

இரண்டாவதாக, ‘அமைப்புகள்’ பகுதியில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலை நாள்வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கவேண்டும். தொல்லை தொடங்கிய நாளில் நிறுவப்பட்டனவும் தாம் நிறுவாதனவும் நீக்கத்தக்கன. பெயர் விளங்காத ஒன்று, கணினி இயங்கத் தேவையானதாகவும் இருக்கலாம். ஆதலால், அதனைப்பற்றி உசாவியறிந்த பின்னரே நீக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக, உலவியைச் சீர்செய்யவேண்டும். தேவையற்ற நீட்சிகளை நீக்கி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும். ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்று ஏதோவொரு தளம் கேட்டபோது அளித்த இசைவே, திரையின் மூலையில் எழும் விளம்பரங்கள் பலவற்றிற்குக் காரணம். அவ்விசைவைத் திரும்பப்பெற்றால் அவை நின்றுவிடும். மின்னஞ்சல் கணக்குடன் உலவி ஒத்திசைக்கப்பட்டிருந்தால், நீக்கிய நீட்சி மீண்டும் வந்துசேரக்கூடும். எனவே, சீர்செய்யும்வரை ஒத்திசைவை நிறுத்திவைத்தல் நன்று.

நான்காவதாக, கணினி தொடங்கும்போதே இயங்கும் செயலிகளின் பட்டியலைப் பார்த்து, வேண்டாதவற்றை முடக்கவேண்டும்.

ஐந்தாவதாக, இணையத்தை மீண்டும் இணைத்து, விண்டோசில் உள்ள பாதுகாப்பு மென்பொருளைப் புதுப்பித்து முழுச்சோதனை நடத்தவேண்டும். வேண்டத்தகாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு அதிலேயே உள்ளது. அஃது இயக்கத்தில் உள்ளதா என உறுதிசெய்தல் வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் தொல்லை தொடர்ந்தால், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே இறுதி வழி. கடவுச்சொற்களைத் தூய்மையான வேறொரு கணினியிலிருந்து மாற்றிக்கொள்வதும் இன்றியமையாதது.

‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்று அச்சுறுத்தும் சாளரம் தோன்றினால் அதனை நம்புதல் கூடாது. களையை நீக்குவதாகக் கூறிக்கொண்டு களையே கதவைத் தட்டுகிறது என்பதை உணர்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

• இந்திய அரசு 2017 பிப்ரவரி 21 அன்று ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்னும் இணையத் தூய்மை மையத்தைத் தொடங்கியது. தீநிரல்களை நீக்கும் கருவிகளை இம்மையம் இலவசமாக வழங்குகிறது.
• உரிமையாளரின் இசைவின்றிக் கணினியில் தீநிரலைப் புகுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவின்கீழ் வருகிறது.
• நுகர்வோரை மயக்கும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. வேறொன்றுபோல் உருமாறித் தோன்றும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று.
• இணையவழியில் பணத்தை இழந்தோர் உடனே அழைக்கவேண்டிய எண் 1930.

காப்பே நன்று

எருவிட்டுக் களையெடுத்த பின்னர், நீர்பாய்ச்சுவதினும் பயிரைக் காத்தலே நன்று என ‘உழவு’ அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவார். கணினிக்கும் இது பொருந்தும்.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நல்விதையின் அருமையை அவ்வட்டார உழவர்கள் நன்கறிவர். விதைப்பையை வாங்கும்போது அதிலுள்ள அட்டையைப் பார்ப்பர். வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என அட்டையின் நிறம் அமையும். இரகத்தின் பெயர், முளைப்புத்திறன், தூய்மை விழுக்காடு முதலியன அதில் குறிக்கப்பட்டிருக்கும். மென்பொருளுக்கும் அத்தகைய அட்டை உண்டு. நிறுவத் தொடங்கும்போது விண்டோஸ் ஒரு சாளரத்தைக் காட்டி, அம்மென்பொருளை வெளியிட்டவரின் பெயரைத் தெரிவிக்கிறது. வெளியிட்டவர் அறியப்படாதவர் எனில், அங்கேயே நிறுத்திக்கொள்ளுதல் நலம். பெயர் இருப்பது மட்டுமே போதாது. பதிவிறக்கிய இடமும் நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

மென்பொருளை உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல், ‘விருப்ப நிறுவல்’ முறையைத் தேர்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பார்த்தல், திருட்டுப் படிகளைத் தவிர்த்தல், பிறர் தரும் விரலியைச் சோதித்த பின்னரே திறத்தல், இயங்குதளத்தையும் உலவியையும் புதுப்பித்து வருதல் ஆகியன எளிய காப்பு முறைகள். லினக்ஸ் வகை இயங்குதளங்களில் மென்பொருள்கள் சோதிக்கப்பட்ட பொதுக் களஞ்சியத்திலிருந்து பெறப்படுகின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ அவ்வகையைச் சேர்ந்தது.

படித்தபின் இசைவு

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவரின் இசைவு தன் விருப்பத்தாலும் உரிய தகவலை அறிந்தும் அளிக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் அந்த உரிமையை வழங்கலாம். படித்துப் பார்க்கும் பழக்கத்தை அவரவரே வளர்த்துக்கொள்ளவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர், படிக்காமலே கையொப்பமிடுவாராயின் எழுத்தறிவால் விளைந்த பயன் யாது? கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பமும் கல்லூரிச் சேர்க்கையும் குடும்பத்தின் வங்கிக் கணக்கும் ஒரே கணினியின் வழியாக நடைபெறும் வீட்டில், ஒரு பொத்தானை அழுத்துவதும் கையொப்பமே. ஒரு நிமிடம் நின்று படித்தல், பல நாள் களையெடுப்பைத் தவிர்க்கும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினியின் உலவியில் உள்ள நீட்சிகளையும், அறிவிப்பு அனுப்ப இசைவு பெற்ற தளங்களையும் ஆசிரியர் துணையுடன் பட்டியலிடுக. தேவையானவை எவை எனக் கலந்துரையாடுக.
2. மென்பொருள் ஒன்றின் நிறுவல் சாளரங்களில் உள்ள தொடர்களைத் தமிழில் எழுதி, எதற்கு இசைவு கேட்கப்படுகிறது என விளக்குக.
3. உங்கள் ஊர் உழவர் ஒருவரிடம் களையெடுப்புப்பற்றிக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நிரலை நீக்கிய பின்னரும் கணினியில் தங்கியிருந்த ‘சூப்பர்ஃபிஷ்’ கூறு
அ) கருவிப்பட்டை ஆ) முகப்புப் பக்கம் இ) பாதுகாப்புச் சான்றிதழ் ஈ) தேடுபொறி

2. சான்று விதைக்குரிய அட்டையின் நிறம்
அ) வெள்ளை ஆ) நீலம் இ) பொன்மஞ்சள் ஈ) பச்சை

குறுவினா

1. தீங்கான விளம்பர நிரலின் இயல்புகள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. விளம்பரம் தளத்தின் இயல்பா, கணினியில் புகுந்த நிரலின் செயலா என்பதை எவ்வாறு அறியலாம்?

சிறுவினா

1. ‘கோரையின் தாளைக் கிள்ளுதல்’ என்னும் உவமையைப் பொருத்திக் காட்டுக.
2. விதைப்பையின் அட்டையும் மென்பொருளை வெளியிட்டவரின் பெயரும் ஒப்புநோக்கத்தக்கன என்பதை விளக்குக.

நெடுவினா

‘படித்தறியாது தரும் இசைவு இசைவன்று’ – இக்கூற்றை விளம்பர நிரல் நுழையும் முறை, நீக்கும் முறை, தவிர்க்கும் முறை ஆகியவற்றின் வழி நிறுவுக.